இல்லமே கல்விக்கூடமாக

கல்வி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் கண்முன் தோன்றுவன பள்ளிக் கட்டடமும் மணியோசையும் வரிசையில் அமர்ந்த பிள்ளைகளும் ஆகும். இவை மூன்றும் இல்லாத இடத்தில் கல்வி நிகழக்கூடும் என்று எண்ணிப் பார்க்க நாம் பழகவில்லை. ஆயினும், தமிழ் இலக்கண நூலார் அவ்வாறு கருதினாரல்லர். பவணந்தியாரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடஞ்சொல்லலின் இயல்பு, மாணாக்கன் இயல்பு, பாடங்கேட்டலின் இயல்பு என ஐந்தனை விரித்துரைக்கின்றது. காலமும் இடமும் தெரிந்து, கேட்போன் எவ்வகையில் சொன்னால் ஏற்பான் என்பதை அறிந்து சொல்லவேண்டும் என்று ஆசிரியனுக்கு அறிவுறுத்துகின்றது. கட்டடத்திற்கென்று அங்கே ஓர் இலக்கணம் இல்லை. திண்ணையில் மணல் பரப்பி எழுதிய காலம் வரை அந்நிலையே நீடித்தது எனலாம்.

அண்மைக்காலத்தில் 'வீட்டுவழிக் கல்வி' என்னும் தொடர் நம்மிடையேயும் வழங்கத் தொடங்கியுள்ளது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்காமல், பெற்றோரே வீட்டில் கற்பிப்பதை இத்தொடர் குறிக்கின்றது. மாலையில் தனிப்பாடம் வைப்பது இதனுள் அடங்காது. இது நன்றோ தீதோ என்று சிலர் எங்களை வினவியதுண்டு. முப்பதாண்டுகள் தமிழ் கற்பித்தவர்கள் என்ற முறையில் அவர்கள் வினவினர். உண்மையில் இதுபற்றிச் சிறிதளவேனும் பேசும் தகுதி எங்களுக்கு வந்தது வகுப்பறையால் அன்று. 2020 மார்ச்சு முதல் 2021 அக்டோபர் இறுதி வரை எங்கள் இல்லத்துக் கூடத்தில் இரு பேரக்குழந்தைகளோடு கழித்த நாள்களாலேயே வந்தது.

அதனைச் சொல்லுமுன், பிற நாடுகளில் இம்முறை நிற்கும் நிலையைச் சுருக்கமாகக் காண்போம். இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளைக்குத் தக்க கல்வி கிடைக்கச் செய்வதைப் பெற்றோரின் கடமை ஆக்கியது. அக்கடமையைப் பள்ளிக்கு அனுப்பியோ 'வேறு வகையிலோ' நிறைவேற்றலாம் என்றது. அந்த ஒரு சொல்லே அங்கு வீட்டுக் கல்விக்கு வாயிலாயிற்று. 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது நிலைபெற்றுள்ளது. அமெரிக்காவில், ஆசிரியராயிருந்து பள்ளிமீது நம்பிக்கை இழந்த ஜான் ஹோல்ட் என்பார் 1977-இல் இதற்கெனவே ஓர் இதழ் தொடங்கினார். 1993-க்குள் அந்நாட்டின் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டத்தின் ஏற்பைப் பெற்றுவிட்டது. 2016-இல் அங்கே ஏறத்தாழ 17 இலட்சம் பிள்ளைகள் இம்முறையிற் பயின்றனர் என்பது அரசின் கணக்கு. ஜெர்மனியிலோ பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அதனை எதிர்த்துச் சென்ற பெற்றோருக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006-லும் 2019-லும் துணை நிற்கவில்லை.

நம் நாட்டில் 2010 ஏப்ரல் முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு அகவை வரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வியை உரிமை ஆக்கியது. வீட்டுக் கல்வியை அது பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. அவ்வாறு பயிலும் பிள்ளைகள் தேர்வெழுதுவதற்குப் பெரும்பாலும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தையே நாடுகின்றனர். 1989-இல் தோன்றிய அந்நிறுவனம் பதினான்கு அகவை நிரம்பியோருக்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை நடத்துகின்றது. சட்டம் பற்றி இவ்வளவு போதும்.

எங்கள் கூடத்தில்

எங்கள் மருமகன் வளைகுடா நாட்டில் பணிபுரிகின்றார். மகளும் அவள் மக்கள் இருவரும் எங்களோடு வாழ்கின்றனர். பள்ளிகள் மூடப்பட்டபோது பேரன் இரண்டாம் வகுப்பில் இருந்தான். பேத்திக்கு நான்கு அகவை. கைப்பேசி வழி நடந்த வகுப்புகள் எங்கள் தெருவின் அலைவரிசைக்கு ஒத்துவரவில்லை. ஒரு திங்கள் கழிந்ததும், 'நாமே சொல்லிக் கொடுத்தால் என்ன?' என்று மகள் கேட்டாள். தமிழாசிரியர் இருக்கும் வீட்டில் தமிழ் கற்பிக்கத் தயங்குவானேன் என்னும் செருக்கோடு நாங்களும் இசைந்தோம்.

முதல் வாரத்திலேயே அச்செருக்கு அகன்றது. பேரன் இரண்டாம் வகுப்புப் பாடநூலை மடமடவென்று படித்தான். ஒரு நாள் படத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, பத்தியின் நடுவில் ஒரு சொல்லைச் சுட்டி 'இது என்ன?' என்றோம். அவன் விரல் முதல் வரிக்குச் சென்றது. அங்கிருந்து ஒப்பித்துக்கொண்டே வந்து அச்சொல்லை அடைந்தான். அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று: அவன் படிக்கவில்லை, பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தான். நிறை மதிப்பெண் பெற்ற பிள்ளை அவன். அவனுக்கு எழுத்து கூட்டத் தெரியாது என்பதை நாற்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியர் கண்டறியாதது வியப்பன்று. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த நாங்கள் கண்டறியாததே வியப்பு.

மீண்டும் தொடக்கத்திலிருந்து தொடங்கினோம். அகரம் முதலாக வரிசைப்படி போகாமல், எளிய வடிவுடைய ட, ப, ம ஆகியவற்றை முதலிற் கொண்டால் ஓரிரு நாளிலேயே படம், மடம், பட்டம் என்று பிள்ளை தானே சொற்களைக் கூட்டலாம். தொடக்கக் கல்வியில் வழங்கும் முறைதான் இது. நாங்கள் புதிதாகக் கண்டதன்று. மெய்யெழுத்தும் ஆகாரமும் எளிதில் கடந்தன. 'தேன்' என்னும் சொல்லில் வண்டி நின்றுவிட்டது. தகரத்தின் பின் ஒலிக்கும் ஏகாரத்திற்குரிய குறி, எழுத்தில் தகரத்திற்கு முன்னே நிற்கின்றது. 'கொடை' என்பதிலோ குறி இருபுறமும் நிற்கின்றது. காதுக்குப் பின்னர் வருவது கண்ணுக்கு முன்னர் வந்தால் பிள்ளை என்ன செய்வான்? 'கெ' என்று தொடங்கி, அடுத்திருக்கும் காலைக் கண்டு திகைத்து நின்றான். எழுத்ததிகாரத்தை எத்தனையோ முறை நடத்திய எங்களுக்கு இந்த இடர்ப்பாடு ஒருநாளும் தென்பட்டதில்லை. இரட்டைக்குறி பெறும் எழுத்துகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, குறியையும் எழுத்தையும் பிரிக்காமல் ஓர் உருவமாகவே காட்டிப் பழக்கினோம். ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின.

இடையில் வேறொரு குழப்பமும் நேர்ந்தது. இல்லத்தரசியார் எழுதிவைக்கும் மளிகைப் பட்டியலைப் படிக்கச் சொன்னபோது, 'நன்னிமா எழுத்தில் தும்பிக்கை இருக்கிறது' என்றான் பேரன். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்னர் எழுதப் பயின்றவர் அவர். 'வெல்லம் இல்லை' என்பதில் வரும் லகர ஐகாரத்தைப் பழைய வடிவிலேயே எழுதுவார். அன்று முதல் அந்தப் பட்டியல் அவனுக்கு ஒரு விளையாட்டாயிற்று. எங்கெங்கே தும்பிக்கை உள்ளது என்று தேடுவதற்காகவே அதனை முழுவதும் படித்தான். பாடநூல் செய்யாததை மளிகைப் பட்டியல் செய்தது.

நாள்தோறும் நடந்தது இதுவே. வைகறைத் தொழுகைக்குப் பின் ஓதுதல். காலைச் சிற்றுண்டி முடிந்ததும் தமிழ். ஒரு பாடத்திற்குக் கால் மணி நேரமே. இங்கிலாந்தில் சார்லட் மேசன் என்னும் கல்வியாளர், இளம்பிள்ளைகளுக்கு ஒரு பாடம் பதினைந்து இருபது நிமிடங்களைத் தாண்டலாகாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார். ஒரு பகுதியை ஒருமுறை படித்துக் காட்டியதும் பிள்ளை தன் சொற்களில் அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்பதும் அவர் முறை. முதலில் நாங்கள் இதனை எள்ளினோம். முக்கால் மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்தோம். இருபதாம் நிமிடத்திற்கு மேல் பிள்ளையின் உடல் மட்டுமே அங்கிருந்தது. எல்லாப் பாடங்களையும் கூட்டினாலும் ஒரு நாளில் இரண்டு மணி நேரத்தைத் தாண்டவில்லை. மீதிப் பொழுது முழுவதும் பாடமில்லாத பாடம்.

கணக்கு அடுக்களையில் நடந்தது. எங்கள் வீட்டில் பழைய பித்தளைப் படியும் உழக்கும் ஆழாக்கும் உள்ளன. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு; உழக்குக்கு இரண்டு. அரிசியை அளந்து கொட்டி, அரை, கால், அரைக்கால் என்பனவற்றைப் பேரன் கையால் உணர்ந்தான். எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடச் சிறியது ஏன் என்று பள்ளிப் பிள்ளைகள் பலர் தடுமாறுவர். 'எட்டு, நான்கைவிடப் பெரிதாயிற்றே!' என்பர். ஆழாக்கையும் உழக்கையும் அருகருகே வைத்தால் அத்தடுமாற்றத்துக்கு இடமில்லை. பேத்திக்குத் தட்டில் பரப்பிய மணலே பலகை. அவளுக்கென்று எவரும் பாடம் நடத்தவில்லை. அண்ணனின் அட்டைகளைத் தலைகீழாகப் பார்த்தே அவள் எழுத்துகளை அறிந்தாள். நேராக வைத்தால் சில நாள் அவளுக்குப் படிக்க வரவில்லை என்பதைச் சொன்னால் நம்புவோர் சிலரே.

இவ்வளவும் கேட்போர், வீடு இனிய பள்ளி போலும் என்று மயங்கக்கூடும். ஒரு நண்பகல், 'கொ'வும் 'கோ'வும் ஏழாம் முறையாகத் தவறியபோது, மேசைமேல் கிடந்த அளவுகோலால் பேரன் கையில் அடித்துவிட்டோம். கல்லூரியில் ஒரு மாணவர் மீதும் விரல் படாத கை அது. அவன் அழவில்லை. எழுந்து உள்ளே போனான். அடுத்த நான்கு நாள் அட்டைகளை எடுத்ததும் 'தலை வலிக்கிறது' என்றான். பள்ளியில் அடிபட்ட பிள்ளை வீட்டுக்கு ஓடி வருவான். வீட்டிலேயே அடிபட்டால் அவனுக்கு ஓட இடமில்லை. இது எங்களுக்கு அந்நான்கு நாளில்தான் உறைத்தது.

காந்தியடிகளின் வீட்டுப்பள்ளி

அந்நாள்களில் காந்தியடிகளின் தன்வரலாற்றை மறுபடியும் எடுத்துப் படித்தோம். அவர் வீட்டுக் கல்வியை முனைந்து நடத்திய தந்தை என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. 1897 சனவரியில் தர்பன் துறைமுகத்தில் இறங்கியபோது அவருடன் ஒன்பதும் ஐந்தும் அகவையுடைய தம் மைந்தர் இருவரும், பத்து அகவையுடைய தமக்கையின் மைந்தனும் இருந்தனர். ஐரோப்பியர் பள்ளியில் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கில்லாத சலுகை தம் மக்களுக்கு வேண்டாம் என்று அவர் மறுத்தார். வீட்டிலேயே கற்பிக்க முனைந்தார். நேரம் கிடைக்கவில்லை. ஆங்கில மாது ஒருவரை அமர்த்திப் பார்த்தார். பின்னாளில் ஜோகன்னஸ்பர்க்கில், அலுவலகத்துக்கு நடந்து செல்லும்போது மைந்தர்களை உடனழைத்துச் சென்று, வழிநெடுகத் தாய்மொழியிற் பேசியே கற்பித்தார்.

1910-இல் டால்ஸ்டாய் பண்ணை தோன்றிற்று. கல்லன்பாக் என்னும் நண்பர் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை அளிக்க, அறப்போர் வீரர்களின் குடும்பங்கள் அங்கே குடியேறின. இந்து, முஸ்லிம், பார்சி, கிறித்தவப் பிள்ளைகள் அங்கே ஒருங்கு வாழ்ந்தனர். அங்குத் தமிழ் கற்பித்தவர் காந்தியடிகளே என்பது தமிழ்த்துறை மலரைப் படிப்போர் அறியவேண்டிய செய்தி. கப்பற் பயணத்திலும் சிறையிலும் போப் அவர்களின் தமிழ்க் கைந்நூலைக் கொண்டு அவர் கற்ற தமிழ் மிகச் சிறிதே. ஆனால், தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த அத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியாது. எனவே, எழுத்தையும் இலக்கணத்தின் தொடக்கத்தையும் அவர் கற்பித்தார். பேச்சுத் தமிழிலோ பிள்ளைகளே வல்லவர்கள். ஆங்கிலம் அறியாத தமிழர் எவரேனும் தம்மைக் காண வந்தால், அம்மாணவரே தமக்கு மொழிபெயர்ப்பாளர் ஆயினர் என்று அவர் எழுதுகின்றார். ஆசிரியர் தம் அறியாமையை மாணவரிடம் மறைக்காத ஒரு வகுப்பு அது. உருது கற்பித்தவரும் அவரே. ரமளானில் முஸ்லிம் சிறுவர் நோன்பு நோற்றபோது, மற்றச் சிறுவர் பலரும் அவர்களுடன் சேர்ந்து மாலை வரை உண்ணாதிருந்தனர்.

காலையில் வயல் வேலை. பாடம் நண்பகல் உணவுக்குப் பின்னரே. களைத்த பிள்ளைகளும் களைத்த ஆசிரியரும் தூக்கத்தோடு போராடினர். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டனர். ஒருமுறை அடங்காத பதினேழு அகவை இளைஞன் ஒருவனை அவர் அளவுகோலால் கையில் அடித்தார். அடித்தவர் நடுங்கினார், அவ்விளைஞன் அழுது மன்னிப்புக் கேட்டான். அடித்தது நல்வழிப்படுத்தும் நோக்கத்தாலா, தம் சினத்தாலா என்று அவர் பிற்காலத்திலும் தம்மையே வினவிக்கொண்டார். அதன்பின் அவர் எவரையும் உடல்வருந்தத் தண்டித்ததில்லை. இப்பகுதியைப் படித்த அன்று மாலையே பேரனிடம் 'நன்னா அன்று அடித்தது தவறு' என்று சொன்னோம். 'எனக்குத் தெரியும்' என்றான்.

ஆயினும், காந்தியடிகளின் இல்லக் கல்விக்கு மற்றொரு பக்கமும் உண்டு. மைந்தர்களுக்குத் தாம் போதிய ஏட்டுக் கல்வி அளிக்கவில்லை என்பதையும், அதற்காக அவர்கள் தம்மீது குறைபட இடமுண்டு என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஒழுங்காக நாளுக்கு ஒரு மணி நேரமேனும் ஒதுக்க முடிந்திருந்தால் அவர்கள் கல்வி நிறைவுற்றிருக்கும் என்று அவர் கருதினார். அந்த ஒரு மணி நேரம்தான் கிடைக்கவில்லை. மூத்த மைந்தர் ஹரிலால், படிப்பின் பொருட்டே 1911-இல் தந்தையைப் பிரிந்து சென்றார், அப்பிளவு ஆறவேயில்லை. கொள்கை தந்தையுடையது, அதன் விலையைக் கொடுத்தவர் மகன். வீட்டுக் கல்வியை மேற்கொள்ள விழைவோர் முதலில் படிக்கவேண்டியது இவ்விடத்தையே என்பது எங்கள் கருத்து.

சொல்லப்படாத சுமை

வீட்டுக் கல்வி பற்றி எழுதுவோரிற் பலர், கற்பிப்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை. எங்கள் இல்லத்தில் பெயருக்கு நாங்கள் ஆசிரியர். உண்மையில் கற்பித்தவள் மகளே. சோறு வடிக்கும் நேரத்தில் வாய்பாடு கேட்பாள். துணி உலர்த்தும்போது கதை சொல்வாள். பள்ளி இருந்தபோது அவளுக்கென்று கிடைத்த ஐந்தாறு மணி நேரமும் போயிற்று. தையற் பயிற்சியை அவள் கைவிட்டதை நாங்கள் அறிந்ததே ஓராண்டு கழித்து.

இதனினும் பெரிய ஐயம் ஒன்று உண்டு. 'பெண்பிள்ளை வீட்டிலேயே படிக்கட்டும்' என்னும் தொடர் நம் ஊர்களுக்குப் புதியதன்று. எங்கள் இல்லத்தரசியார் ஐந்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் அவருடைய தந்தையார் சொன்ன சொல் அதுவே. அவர் வீட்டில் ஓதக் கற்றார். தமிழ்ப் புத்தகம் கையிற் கிடைத்ததையெல்லாம் படித்தார். கடிதம் எழுதத் தெரியாத அண்டை வீட்டாருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஆனால், ஒரு தேர்வும் எழுதியதில்லை. அறிவு இருந்தும் அதற்குச் சான்று இல்லாமல் வாழ்ந்தவர்.

எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பில் இருந்த சிறுமி ஒருத்தி, பெருந்தொற்றுக் காலத்தில் மாலைதோறும் எங்கள் கூடத்திற்கு வந்து எங்கள் பேரனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பாள். 2021 செப்டம்பர் முதல் நாள் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. அவள் ஒன்பதாம் வகுப்புக்குச் செல்லவேண்டியவள், செல்லவில்லை. காரணம் கேட்டபோது அவள் தந்தை எங்களைச் சுட்டியே பேசினார்: 'நீங்களே வீட்டில் வைத்துத்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள்! இவளும் உங்கள் வீட்டிலேயே படிக்கட்டும், சார்.' எங்களுக்கு மறுமொழி எழவில்லை. எங்கள் கூடத்தில் கிடந்த மணல் தட்டும் அட்டைகளும் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தும் சான்றாகி நின்றன.

மறுநாள் இல்லத்தரசியாரே அவர் வீட்டுக்குச் சென்றார். என்ன பேசினார் என்று முழுவதும் சொல்லவில்லை. தம் ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் சென்றார் என்பதை மட்டும் மகள் சொன்னாள். மூன்று முறை சென்றார். அம்மாத இறுதியில் அச்சிறுமி பள்ளிச் சீருடையில் எங்கள் வாயிலைக் கடந்து போனாள். சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள்.

ஆகவே, வீட்டுக் கல்வி நன்றோ தீதோ என்று வினவுவோருக்கு நாங்கள் வேறு மூன்று வினாக்களையே திருப்பித் தொடுக்கின்றோம். கற்பிக்கப் போகின்றவர் யார், அவர் அதற்கு மனமார இசைந்தாரா? பதினான்காம் அகவையில் பிள்ளை எத்தேர்வை எழுதும்? மகனுக்கும் இதையே செய்வீர்களா? மூன்றாம் வினாவுக்குப் பின் பலர் எழுந்து போய்விடுகின்றனர்.

எங்கள் பேரக்குழந்தைகள் 2021 நவம்பர் முதல் நாள், தொடக்கப் பள்ளிகள் திறந்த அன்றே சென்றனர். பேரன் நான்காம் வகுப்பு. பேத்தி முதல் வகுப்பு. பேத்திக்கு அதுவே பள்ளியின் முதல் நாள். அவளுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால், வரிசையில் நிற்கத் தெரியவில்லை. தன் அகவையுடைய பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்பதும் தெரியவில்லை. இடைவேளையில் ஆசிரியை அருகே சென்று நின்றுகொண்டாளாம். இரண்டாம் வாரத்தில் ஒரு தோழியின் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தாள். அந்தத் தோழிக்கு 'கொ' எழுத வரவில்லை என்றும், எங்கள் அட்டைகளை எடுத்துப் போகவேண்டும் என்றும் கேட்டாள். கொடுத்தனுப்பினோம்; அவை திரும்பி வரவில்லை.